ஃபோகஸ் ஏன் வரலை? - நியூட்டனோட ஸ்க்ரூவும் ஒரு 55 மில்லிமீட்டரும்

புதுசா ரிஃப்ளெக்டர் டெலஸ்கோப் வாங்கினவங்க கதை கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகும். முதல் வாரம் நிலா. ரெண்டாவது வாரம் வியாழனும் அதோட நாலு துணைக்கோளும். மூணாவது வாரம் சனியோட வளையம். வீட்ல இருக்கறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரையும் மொட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போய் காட்டி, "அட, நிஜமாவே வளையம் இருக்கே!"ன்னு அவங்க வாயால சொல்ல வச்சு பெருமைப்பட்டுக்கறது. நாலாவது வாரம்தான் வினை ஆரம்பிக்கும். "இதை ஒரு போட்டோ எடுத்தா என்ன?"

ஒரு டி-ரிங், ஒரு அடாப்டர் வாங்குவோம். ஐபீஸைக் கழட்டிட்டு அந்த இடத்துல டி.எஸ்.எல்.ஆர் கேமராவை மாட்டுவோம். நிலாவைத் தேடிப் பிடிச்சா ஸ்க்ரீன்ல தெரியறது நிலா இல்லை, ஒரு வெள்ளைப் பூசணிக்காய். ஃபோகஸர் நாபை உள்பக்கமா திருகத் திருக பூசணி சின்னதாகும். விளிம்பு கொஞ்சம் கூர்மையாகும். இதோ வந்துடுச்சு, வந்துடுச்சுன்னு இருக்கறப்போ "டக்". ஃபோகஸர் குழாய் அடியில முட்டி நின்னுடும். அதுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் கூட உள்ள போகாது. ஐபீஸை மாட்டினா எல்லாம் பளிச்சுன்னு தெரியுது, கேமராவை மாட்டினா பூசணி.

இந்த இடத்துலதான் நிறைய பேர் டெலஸ்கோப்பைப் பரண்ல ஏத்திடறாங்க. பீஸ் சரியில்லைன்னு நினைச்சுக்கறாங்க, இல்லைன்னா நமக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு முடிவு பண்ணிடறாங்க. ரெண்டுமே இல்லைங்க. அந்த டெலஸ்கோப் என்ன வேலைக்குச் செஞ்சாங்களோ அதைச் சரியாத்தான் செய்யுது. கேமராவும் அப்படித்தான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாததுக்குப் பின்னாடி 350 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரே ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கணும். குவியம்ங்கறது நிஜமான ஒரு இடம். பத்தாம் வகுப்புல குழி ஆடி படம் போட்டு 'எஃப்'ன்னு ஒரு புள்ளி வச்சோமே, மார்க் வாங்கிட்டு மறந்துட்டோமே, அதேதான். அந்தப் புள்ளியில நிலாவோட பிம்பம் அந்தரத்துல தொங்கிட்டு இருக்கும். சந்தேகமா இருந்தா ஐபீஸைக் கழட்டிட்டு ஃபோகஸர் வாயில ஒரு பட்டர் பேப்பரைப் பிடிச்சு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்க. ஒரு இடத்துல குட்டியா ஒரு நிலா கூர்மையா வந்து விழும். 650 மி.மீ. குவியத் தொலைவு உள்ள டெலஸ்கோப்பா இருந்தா அந்த நிலா 6 மி.மீ. அகலம் இருக்கும். (சூரியனை வச்சு இந்த விளையாட்டு வேண்டாம். பேப்பர் பத்திக்கும், கண்ணு போயிடும்.) ஐபீஸ்ங்கறது அந்தக் குட்டி நிலாவைப் பார்க்கற ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். கேமரான்னா அதோட சென்சார் அந்தப் பட்டர் பேப்பர் இருந்த இடத்துலயே போய் உக்காரணும். ஒரு மி.மீ. தள்ளி உக்காந்தாலும் வேலைக்கு ஆகாது.

ஆக கேள்வி ரொம்ப எளிமையானது. குவியம் எங்க இருக்கணும்? அதை யார் முடிவு பண்ணினாங்க?

*

1668. கேம்பிரிட்ஜ். நியூட்டனுக்கு 25 வயசு. அப்போ இருந்ததெல்லாம் லென்ஸ் டெலஸ்கோப்புகள். எதைப் பார்த்தாலும் ஓரத்துல கலர் கலரா பிசிறு தெரியும். கண்ணாடியில பிரதிபலிச்சா நிறம் பிரியாதுன்னு நியூட்டனுக்குத் தெரியும். ஜேம்ஸ் கிரிகரி 1663லயே ரெண்டு வளைந்த ஆடிகளை வச்சு ஒரு டிசைன் எழுதி வச்சிருந்தார். ஆனா அதைச் செஞ்சு கொடுக்க ஆள் கிடைக்கலை. நியூட்டன் ஆளைத் தேடவே இல்லை. தாமிரமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையை அவரே உருக்கி, அவரே தேய்ச்சு, அவரே பாலிஷ் போட்டார். வந்தது ஒரு ஜாண் கூட இல்லாத குட்டி டெலஸ்கோப்.

குழி ஆடியில ஒரு இம்சை உண்டு. குவியம் ஆடிக்கு முன்னாடி விழும், அதாவது வெளிச்சம் வர்ற வழியிலேயே. அங்க போய்ப் பார்க்கணும்னா நம்ம தலையை வெளிச்சத்துக்குக் குறுக்க நீட்டணும். குட்டி டெலஸ்கோப்ல தலையை நீட்டினா மிச்சம் பார்க்க ஒண்ணுமே இருக்காது. அதனால நியூட்டன் 45 டிகிரி சாய்வுல ஒரு சின்ன தட்டைக் கண்ணாடியை உள்ள வச்சு, குவியத்தைப் பக்கவாட்டுல குழாய்க்கு வெளிய தள்ளினார். யோசிச்சுப் பார்த்தா, டெலஸ்கோப்போட ஒரு துணைக்கருவியை மாட்ட முடியாம வந்த முதல் பிரச்சினையே இதுதான். அந்தத் துணைக்கருவி, மனுஷத் தலை :-)

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அடுத்து வர்றதைத்தான் நான் ரொம்ப நாளா கவனிக்கவே இல்லை. 1671 கடைசியில நியூட்டன் இன்னொரு டெலஸ்கோப்பை ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1672ல அவங்க பத்திரிகையில படத்தோட அதோட வர்ணனை வந்துச்சு. படத்துல ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்து போட்டு விளக்கியிருப்பாங்க. மெயின் மிரரோட குவியத் தொலைவு ஆறேகால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. ஐபீஸ் ஒரு துளி லென்ஸ், குழாயோட பக்கத்துல பதிச்சது. அதை முன்ன பின்ன நகர்த்தவே வழி கிடையாது. அப்போ ஃபோகஸ் எப்படிப் பண்றது? குழாய் ரெண்டு துண்டு. முன் துண்டு ஒரு பித்தளை வளையத்துல அசையாம நிக்கும். மெயின் மிரர் இருக்கற பின் துண்டுல ஒரு இரும்புக் கொக்கி, அதுல ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூவைத் திருகினா பின் துண்டு மொத்தமா மிரரோட சேர்ந்து முன்னாடி வரும், இல்லைன்னா பின்னாடி போகும்.

அதாவது நியூட்டன் ஐபீஸை நகர்த்தலை, மிரரை நகர்த்தினார். மிரர் முன்னாடி வந்தா குவியம் அதே அளவுக்கு வெளிய வரும். நம்ம பூசணிக்காய்க்கு என்ன மருந்து வேணுமோ அதை உலகத்தோட முதல் ரிஃப்ளெக்டர்களை செஞ்ச மனுஷனே தன்னோட கருவியில வச்சிருக்கார்!

அப்புறம் ஏன் அது காணாம போச்சு? டெலஸ்கோப் பெருசாச்சு, காரணம் அவ்வளவுதான். குட்டி மிரரை ஸ்க்ரூ வச்சு நகர்த்தலாம். அரையடி, ஒரு அடி அகலத்துல உலோக மிரர் வந்ததும் அதைச் சாயாம நகர்த்தறது பெரிய தலைவலி. துளி சாஞ்சாலும் பிம்பம் ஓடிடும். சின்ன ஐபீஸை நகர்த்தறது சுலபம். மிரர் அடியில நிரந்தரமா உக்காந்துடுச்சு, பல்சக்கரம் ஐபீஸ் பக்கம் வந்துடுச்சு. நல்ல இன்ஜினியரிங் முடிவுதான், நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். ஆனா அன்னையிலிருந்து குவியத்தை நகர்த்தற சுதந்திரம் போயிடுச்சு. குழாய் செய்யறவர் எங்க வச்சாரோ அங்கதான். ஃபோகஸரோட சில சென்டிமீட்டர் ஓட்டத்துக்குள்ள நம்ம வித்தையைக் காட்டிக்கணும்.

வில்லியம் ஹெர்ஷல் வேற ஒரு வழி போனார். உலோக மிரர் தன் மேல விழற வெளிச்சத்துல சுமார் மூணுல ரெண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். ரெண்டு மிரர்னா பாதிக்கும் கீழ போயிடும். மங்கலான நெபுலாக்களைத் தேடறவருக்கு இது தாங்குமா? 1789ல முடிச்ச 40 அடி டெலஸ்கோப்ல சின்ன கண்ணாடியையே தூக்கிட்டார். 48 இஞ்ச் மெயின் மிரரைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு, குவியத்தைக் குழாய் வாயோட ஓரத்துல விழ வச்சார். அங்க மேடை போட்டு ஏறி நின்னு, குழாய்க்குள்ள எட்டிப் பார்க்கணும். அவ்வளவு பெரிய வாயில ஒரு தலை மறைக்கறது பெரிய நஷ்டம் இல்லை.

*

இப்போ பார்லோ. டெலஸ்கோப் வாங்கினா டப்பாவுலயே இனாமா வர்ற அந்த 'டூ எக்ஸ்' பார்லோ லென்ஸ் இருக்கே, அதுக்குப் பின்னாடி பீட்டர் பார்லோன்னு ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார். இங்கிலாந்துல வுல்விச் ராணுவ அகாடமியில வேலை. கால்குலேட்டர் இல்லாத காலத்துல இன்ஜினியர்கள் வர்க்கம், வர்க்கமூலம் பார்க்கப் புரட்டின பார்லோ அட்டவணைகளும் இவரோடதுதான்.

அந்தக் காலத்து வானியல்காரங்க இரட்டை நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை அளக்க மைக்ரோமீட்டர்னு ஒண்ணு மாட்டுவாங்க. சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கம்பிகள் சரியா குவியத்துல நிக்கும். அளவு துல்லியமா வரணும்னா பிம்பம் பெருசா இருக்கணும். பவர் ஜாஸ்தியான ஐபீஸ் போட்டா பிம்பத்தோட கம்பியும் தடிமனா தெரியும், என்ன பிரயோஜனம்? இதுக்குத் தீர்வா பார்லோவோட கணக்கை வச்சு ஜார்ஜ் டாலண்ட் ஒரு குழிலென்ஸைச் செஞ்சு 1834ல ராயல் சொசைட்டியில விவரிச்சார். அதைக் குவியத்துக்கு முன்னாடியே வச்சுட்டா கம்பி அப்படியே இருக்கும், பிம்பம் மட்டும் பெருசாகும். ஒரு துணைக்கருவியை ஒழுங்கா வேலை செய்ய வைக்கறதுக்காக வந்த இன்னொரு துணைக்கருவி!

இதுல இலவச இணைப்பா ஒண்ணு கிடைச்சுது. குழிலென்ஸ் கதிர்களைக் கொஞ்சம் விரிச்சு விடறதால குவியம் தள்ளிப் போகும். 100 மி.மீ. குவியத் தொலைவு உள்ள குழிலென்ஸை ரெண்டு மடங்கு பெரிசாக்கற மாதிரி வச்சா, பழைய குவியத்துக்கு 50 மி.மீ. உள்ள லென்ஸ் நிக்கும், புதுக் குவியம் லென்ஸுக்கு 100 மி.மீ. பின்னாடி வரும். ஆக 50 மி.மீ. இடம் லாபம். இதை அப்படியே ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேலைக்கு ஆகும்.

*

போட்டோகிராஃபி வந்ததும் குவியத்துல உக்கார வேண்டிய ஆள் மாறினார். 1857ல லியோன் ஃபூக்கோ கண்ணாடி மேல வெள்ளி பூசின மிரரைக் காட்டினார். உலோகத்தை விட எடை கம்மி, வெளிச்சம் ஜாஸ்தி. அமெரிக்காவுல ஹென்றி டிரேப்பர்ங்கற டாக்டர் பதினஞ்சரை இஞ்ச் வெள்ளிக் கண்ணாடி ரிஃப்ளெக்டரைத் தானே செஞ்சு, 1860கள்ல நிலாவை நூத்துக்கணக்குல படம் எடுத்துத் தள்ளினார்.

என்னோட ஹீரோ அவர் இல்லை, ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன். லண்டன் பக்கத்துல ஈலிங்னு ஒரு இடம். இவருக்குத் தொழில் சானிட்டரி இன்ஜினியரிங், அதாவது குழாய், வடிகால் சமாச்சாரம். வானியல் சும்மா பொழுதுபோக்கு. பகல்ல ஆணி புடுங்கிட்டு ராத்திரி நட்சத்திரம் பார்த்த நம்ம ஜாதி! வீட்டுத் தோட்டத்துல 36 இஞ்ச் ரிஃப்ளெக்டர் வச்சு 1883 ஜனவரியில ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தார். கண்ணால பார்க்க முடியாத நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் படத்துல விழுந்திருந்துச்சு. மறு வருஷமே ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது.

படம் எடுக்கறப்போ நட்சத்திரம் துளி நகர்ந்தாலும் கோடாயிடும். அவ்வளவு பெரிய குழாயை நுணுக்கமா அசைக்கறது கஷ்டம்னு, போட்டோ தட்டையே ரெண்டு திசையில நகர்த்தற ஒரு சட்டத்தை யோசிச்சவர் காமன்தான். இந்த டெலஸ்கோப்பை 1885ல எட்வர்ட் கிராஸ்லி வாங்கினார். 1895ல அது கலிஃபோர்னியாவுல லிக் அப்சர்வேட்டரிக்குப் போச்சு. அங்க ஜேம்ஸ் கீலர் 1898லிருந்து அதுல நெபுலாக்களைப் படம் எடுத்தார். பெரிய ஆராய்ச்சிக்கும் ரிஃப்ளெக்டர்தான் சரின்னு மத்த வானியலாளர்களை நம்ப வச்சதுல அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1923 அக்டோபர்ல ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவுல அந்த மாறும் நட்சத்திரத்தைப் பிடிச்சதும் மவுண்ட் வில்சன் 100 இஞ்ச் டெலஸ்கோப்போட நியூட்டன் குவியத்துல தட்டை வச்சுத்தான்.

இவங்க யாருக்கும் ஃபோகஸர் முட்டலை. ஏன்னா இவங்க எல்லாம் தட்டு எங்க உக்காரணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அப்புறம் அதைச் சுத்தி டெலஸ்கோப் கட்டினாங்க. 1948ல திறந்த பலோமார் 200 இஞ்ச்ல இது உச்சத்துக்கே போச்சு. குழாய்க்குள்ள குவியம் விழற இடத்துல ஒரு கூண்டைத் தொங்கவிட்டு ஆளையே உள்ள உக்கார வச்சுட்டாங்க. நியூட்டன் எந்தத் தலையை வெளிய தள்ளினாரோ அது திரும்ப உள்ள வந்துடுச்சு. நம்ம ஜவ்வாது மலையில காவலூர்ல 1986லிருந்து இருக்கற வைணு பாப்பு டெலஸ்கோப்லயும் இதே மாதிரி முதன்மைக் குவியம் உண்டு. 2.34 மீட்டர் மிரர், எஃப்/3.25. அந்தப் பக்கம் போனா பார்வையாளர் நேரம் விசாரிச்சுட்டுப் போய்ப் பாருங்க, பார்த்தா ரிஃப்ளெக்டர் மேல ஒரு தனி மரியாதை வரும்.

*

அப்போ நம்ம 130 மி.மீ. டெலஸ்கோப்புக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? அது வேற பரம்பரை. 1920கள்ல அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டுல ரஸல் போர்ட்டர் உள்ளூர் ஃபேக்டரி ஆட்களுக்கு மிரர் தேய்க்கக் கத்துக் கொடுத்தார். 1925லிருந்து ஆல்பர்ட் இங்கால்ஸ் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில அதை எழுத, ஆயிரக்கணக்கான பேர் வீட்டு அடித்தளத்துல உக்காந்து கண்ணாடி தேய்க்க ஆரம்பிச்சாங்க. இவங்களுக்கு வேண்டியது கண்ணால பார்க்கற சந்தோஷம். செவ்வாய், வியாழன், சனி.

கண்ணால கிரகம் பார்க்கணும்னா ஒரு விதி. நடுவுல நிக்கற சின்ன கண்ணாடி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பெருசானா காண்ட்ராஸ்ட் போயிடும், வியாழனோட பட்டைகள் மங்கிடும். அதை எப்படிச் சின்னதாக்கறது? கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. மெயின் மிரர்ல இருந்து வெளிச்சம் ஒரு கூம்பா சுருங்கிட்டே வந்து குவியத்துல புள்ளியா முடியும். சின்ன கண்ணாடியிலிருந்து குவியம் எவ்வளவு தூரமோ, அந்த இடத்துல கூம்பு அவ்வளவு தடிமனா இருக்கும். 130 மி.மீ. மிரர், 650 மி.மீ. குவியத் தொலைவுன்னு வைங்க. சின்ன கண்ணாடியிலிருந்து குவியம் 160 மி.மீ. தூரம்னா கூம்பு அங்க 130 x 160 / 650 = 32 மி.மீ. கேமராவுக்குன்னு குவியத்தை இன்னும் 55 மி.மீ. வெளிய தள்ளினா 130 x 215 / 650 = 43 மி.மீ. அடைப்பு 25 சதவீதத்துல இருந்து 33 சதவீதத்துக்கு எகிறிடும். கண்ணால பார்க்கறவருக்கு இது சுத்த நஷ்டம்.

அதனால குவியத்தைக் குழாய்க்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல வச்சாங்க. ஐபீஸுக்கு அது போதும். ஆரம்ப நிலை டெலஸ்கோப் பலதும் இன்னைக்கும் இந்தப் பரம்பரைதான். 'கண்ணுக்காகச் செஞ்சது'ன்னு டப்பா மேல ஒரு வரி போட்டிருந்தா எத்தனை பேர் நிம்மதியா இருந்திருப்பாங்க!

சரி, அந்த 55 எங்கேருந்து வந்துச்சு? இதுக்கும் வானத்துக்கும் துளி சம்பந்தம் கிடையாது. 1957ல ஜப்பான்ல தைசெய் கோகாகுங்கற லென்ஸ் கம்பெனி (இன்னைக்கு டாம்ரான்) ஒரு தந்திரம் பண்ணிச்சு. அப்போ ஒவ்வொரு கேமரா கம்பெனிக்கும் ஒரு மவுண்ட். ஒரே லென்ஸைப் பத்து விதமா செய்யறதை விட, லென்ஸை ஒரே மாதிரி செஞ்சுட்டு, கேமராவுக்கு ஒரு வளையம்னு கொடுத்தா? சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா ஒரு பொது இன்டர்ஃபேஸ், ஆளுக்கொரு அடாப்டர் :-) எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி மேல எழும்பணும். அதனால மவுண்ட்ல இருந்து ஃபிலிம் வரைக்கும் 40லிருந்து 47 மி.மீ. வரைக்கும் இடம் விட்டிருப்பாங்க. எல்லா கேமராவும் அடங்கற மாதிரி கொஞ்சம் தாராளமா 55 மி.மீ.ன்னு வச்சாங்க. நிக்கான்ல 46.5, அதனால வளையம் 8.5 மி.மீ. 1987ல வந்த கேனான் ஈ.எஃப் மவுண்ட்ல 44, வளையம் 11 மி.மீ. எதைக் கூட்டினாலும் 55. இதுதான் டி-மவுண்ட். எந்தக் கேமராவுக்கும் வளையம் கிடைக்குதுன்னு டெலஸ்கோப் ஆட்களும் இதையே எடுத்துக்கிட்டாங்க. 2003ல கேனான் 300டி வந்து டி.எஸ்.எல்.ஆர் விலை ஆயிரம் டாலருக்குக் கீழ இறங்கினதும், கண்ணுக்காகச் செஞ்ச குழாய் வாயில போய் இந்த 55 மோதிச்சு. "டக்".

*

இப்போ என் கதைக்கு வர்றேன். என்கிட்ட இருக்கற 130 மி.மீ. டெலஸ்கோப் ஆபீஸ்ல ஒரு சீனியர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டுல வாங்கினது. பொண்ணுக்காக வாங்கினார் மனுஷன். கேமராவுல ஃபோகஸ் வரலைன்னு வித்த கடைக்கு போன் பண்ணியிருக்கார். "மிரர்ல டிஃபெக்ட் இருக்கும் சார், ஆனா வாரண்டி முடிஞ்சிருச்சே"ன்னு பதில் வந்திருக்கு. பழுதான கண்ணாடியை வீட்ல வச்சு என்ன பண்றதுன்னு பாதி விலைக்கு என்கிட்ட தள்ளிட்டார். வாங்கறப்போ நானும் பழுதுன்னுதான் நம்பினேன், மிரரைக் கழட்டிப் பார்த்துக் கத்துக்கலாம்னு ஒரு ஆசை. மொட்டை மாடியில பட்டர் பேப்பரைப் பிடிச்சதும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. கண்ணாடியில ஒரு குறையும் இல்லை. ஃபோகஸரை முழுக்க உள்ள தள்ளினா, அதோட வாயிலிருந்து 33 மி.மீ. மேல நிலா கூர்மையா விழுது. அடாப்டரோட விளிம்பு 7 மி.மீ., கேமரா 55, மொத்தம் 62. பற்றாக்குறை 29 மி.மீ. அவ்வளவுதான் 'டிஃபெக்ட்'. அவர்கிட்ட இதைச் சொல்லி டெலஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கறேன்னேன். பொண்ணு காலேஜுக்கே போயாச்சு, நீயே வச்சுக்கப்பான்னுட்டார். பாதி விலை போனதை விட அந்த வருஷங்கள் போனதுதான் எனக்கு உறுத்துச்சு.

உங்களுக்கும் இதே தலைவலின்னா முதல்ல இந்த அளவை எடுங்க. அளக்காம எதையும் வாங்காதீங்க. பிரச்சினை எந்தப் பக்கம்னும் பார்க்கணும். ஃபோகஸரை முழுக்க வெளிய இழுத்தும் ஃபோகஸ் வரலை, கருவியைக் கையால இன்னும் கொஞ்சம் வெளிய பிடிச்சா கூர்மையாகுதுன்னா கவலையே இல்லை, ஒரு எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டா தீர்ந்தது. உள்பக்கம் போதலைன்னாதான் மண்டையை உடைச்சுக்கணும்.

நிலாவும் கிரகமும் மட்டும்தான் எடுக்கப் போறீங்கன்னா பார்லோவைப் போட்டு மாட்டுங்க. பல பார்லோக்கள்ல மேல டி-மவுண்ட் மரையே இருக்கும். 50 மி.மீ. இடம் கிடைக்கும்னு கணக்குப் போட்டோமே, அந்த இடம் இங்கதான் உதவுது. ஆனா எஃப்/5 டெலஸ்கோப் எஃப்/10 ஆயிடும், அதே வெளிச்சம் விழ நாலு மடங்கு நேரம் ஆகும். நெபுலாவுக்கு இது ஆகாது. கிரகத்துக்குன்னே செய்யற குட்டி கேமராக்கள் இன்னும் நல்லது. உள்ள எழும்பற கண்ணாடி கிடையாது, சென்சார் வாயிலிருந்து 12.5 மி.மீ.லயே உக்காந்திருக்கறதும் உண்டு. 2000கள்ல வெப்கேம் லென்ஸைக் கழட்டிட்டு ஐபீஸ் குழாய்ல ஒட்டி வியாழனைப் படம் எடுத்தாங்களே, அவங்களுக்கு ஃபோகஸ் வந்ததும் இதனாலதான். மொபைலை ஐபீஸ் பின்னாடி பிடிச்சா இந்தப் பிரச்சினையே வராது, ஐபீஸ் தன்னோட வேலையை எப்பவும் போல செஞ்சுட்டு இருக்கும்.

மிரர்லெஸ் கேமரா வச்சிருந்தா ஒரு வேடிக்கை. சோனி ஈ மவுண்ட்ல சென்சார் 18 மி.மீ.லயே இருக்கு. ஆனா கடையில தர்ற டி-ரிங் 37 மி.மீ. நீள வெத்துக் குழாய். எதுக்கு? கூட்டினா 55 வரணுமாம்! அதை விட்டுட்டு குட்டையான அடாப்டரா தேடி வாங்குங்க, ஒரு பைசா வேலை இல்லாம ஃபோகஸ் வந்துடும்.

என்கிட்ட இருக்கறது பழைய டி.எஸ்.எல்.ஆர், எனக்கு வேண்டியது ஓரியன் நெபுலா. அதனால நியூட்டன் வழிக்கே போயிட்டேன். மெயின் மிரரைச் செல்லோட கழட்டி, துணி சுத்திப் பீரோவுல பத்திரமா வச்சுட்டு (குழாயைத் துளைக்கறப்போ இரும்புத் தூள் மிரர் மேல பட்டா கதை முடிஞ்சுது), செல்லைப் பிடிக்கற மூணு ஸ்க்ரூவுக்கும் 32 மி.மீ. முன்னாடி புது ஓட்டை போட்டேன். 29க்கு மேல மூணு மி.மீ. சும்மா சமாளிப்புக்கு. சின்ன கண்ணாடி மேல விழற கூம்பு இப்போ 130 x 192 / 650, அதாவது 38 மி.மீ. என் கண்ணாடியோட குறுக்களவை விட இது துளி கம்மிங்கறதால தப்பிச்சேன். படத்தோட ஓரம் மட்டும் கொஞ்சம் இருட்டுது. உங்களோடதை அளந்து பார்த்துட்டு அப்புறம் ட்ரில்லைக் கையில எடுங்க. கண்ணால பார்க்கறப்போ இப்போ ஐபீஸுக்கு அடியில 35 மி.மீ. எக்ஸ்டென்ஷன் குழாய் போட வேண்டியிருக்கு, அது ஒண்ணும் பெரிய விலை இல்லை.

மிரரை நகர்த்தறது பட்டிக்காட்டு வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1970ல வந்த செலஸ்ட்ரான் 8 டெலஸ்கோப்ல ஃபோகஸ் நாபைத் திருகினா உள்ள நகர்றது மெயின் மிரர்தான். அதுல ரெண்டாவது மிரரும் வளைஞ்சு இருக்கறதால, மிரர் ஒரு மி.மீ. நகர்ந்தா குவியம் சுமார் 25 மி.மீ. நகரும். அதனால எதை மாட்டினாலும் ஃபோகஸ் வரும். விலைதான் நமக்கு எட்டாது.

ஃபோகஸ் வந்து, ஓரியன் நெபுலா விழுந்து, ஆசையா பெரிசு பண்ணிப் பார்த்தா மூலையில இருக்கற நட்சத்திரமெல்லாம் குட்டி வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துட்டு நிக்கும். அதுக்குப் பேர் கோமா, எஃப்/5 மிரரோட பிறவிக் குணம். கரெக்டர் லென்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டணும், அதைப் பத்தித் தனிப் பதிவுல எழுதறேன். அதுக்குள்ள அவசரப்பட்டு வாங்கறவங்க, லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல எவ்வளவு தூரம் விடணும்னு டப்பாவுல பாருங்க. அனேகமா 55 மி.மீ.ன்னுதான் போட்டிருக்கும்.